கவுண்ட்டர் ஜன்னல்

(கும்பகோணத்தில் ஒரு திரையரங்கின் பெண்கள் கவுண்ட்டரில் 1984 முதல் 2009 வரை டிக்கெட் கொடுத்தவர், திரையரங்குகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

“பொங்கலுக்குச் சென்னை வந்தால் படத்துக்கு அழைத்துப்போகிறேன் என்கிறான் மகன். பி.வி.ஆர்., ஐநாக்ஸ், சத்யம், ஏ.ஜி.எஸ். என்று அடுக்குகிறான். எல்லாமே குளிர்சாதன அரங்குகள்தானே? ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம்?” — மன்னார்குடி வாசகி

வித்தியாசம் இருக்கிறது அம்மா. ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் மகன் சொன்ன நான்கில் மூன்று இன்று ஒரே நிறுவனம். பி.வி.ஆர். 1997-ல் தில்லியின் சாகேத் பகுதியில் தொடங்கியது. ராயப்பேட்டையில் 1974 முதல் இருந்துவரும் சத்யத்தை நடத்திய நிறுவனத்தை 2018-ல் வாங்கியது. 2023-ல் ஐநாக்ஸும் அதனோடு இணைந்துவிட்டது. ஏ.ஜி.எஸ். தனி, வில்லிவாக்கம், தியாகராய நகர், நாவலூர் என்று சென்னைக்குள்ளேயே வளர்ந்தது. இவை போக சினிபொலிஸ் என்று ஒன்று உண்டு. அது மெக்சிகோ நாட்டு நிறுவனம், 2009-ல் இந்தியாவுக்கு வந்தது.

என் மகள் இருப்பது சென்னையில், மகன் இருப்பது பெங்களூரில். இரண்டு பேர் வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வருவதால் இவை எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எந்த அரங்குக்குப் போனாலும் விளக்கு அணைவதற்கு முன்னால் முதல் வரிசைக்கு இறங்கிப் போய் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பேன். பிள்ளைகள் முதலில் கூச்சப்பட்டார்கள். இப்போது அவர்களே, “அம்மா, முன்னால் போய்விட்டு வாருங்கள்” என்கிறார்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். என் ஜன்னலுக்கு அதிகமாக வந்த கைகள் முன்வரிசைக் கைகள். வலங்கைமான் பக்கத்திலிருந்து நடவு முடித்துவிட்டு நேராக வருவார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி வைப்பார்கள். அந்த நாணயங்களில் வயல் சேற்றின் வாசனை இருக்கும். அவர்களுக்கு நான் கிழித்துக் கொடுத்த சீட்டு, சாய்மானம் இல்லாத பெஞ்சுக்கானது. அங்கே மின்விசிறிக் காற்று எட்டாது. ஒருநாள் அவர்களில் ஒரு பெண் ஜன்னலுக்குள் குனிந்து, “மேலே பால்கனியில் உட்கார்ந்தால் படம் வேறு மாதிரி தெரியுமா அக்கா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே ஓர் அரங்கு, மிகக் குறைந்த காசு கொடுத்தவரை எப்படி உட்கார வைக்கிறது என்பதைத்தான் இன்றுவரை முதலில் பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் சென்னையின் பெரிய வளாகங்களுக்கு நல்ல மதிப்பெண் தருவேன். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒரே மெத்தை, ஒரே குளிர், ஒரே கழிவறை. எங்கள் காலத்தில் பால்கனிக்காரருக்குத் தனி வாசல், தனிப் படி, தனிக் கழிவறை. தரை டிக்கெட்காரர் அந்தப் படியில் கால் வைக்க முடியாது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த நிறுவனங்களை நான் மனதார வாழ்த்துகிறேன்.

சத்யத்துக்கு நான் முதலில் போனது 2011-ல், பழைய உரிமையாளர்கள் நடத்திய காலம். பாப்கார்னுக்கு மேல் தூவிக்கொள்ள வகைவகையான பொடிகளை வைத்திருந்தார்கள், பிள்ளைகள் மொய்த்தார்கள். என் மனதில் நின்றது வேறு. எனக்கு முன்னால் போன ஒரு முதியவருக்குப் பணியாளர் ஒருவர் டார்ச் விளக்கைத் தரையில் மட்டும் படும்படி சாய்த்துப் பிடித்து, இருக்கை வரை கூடவே நடந்தார். அந்த வேலையைத் தெரிந்தவர் அவர். டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது என்பது டிக்கெட் கிழிப்பவர் கற்கும் முதல் பாடம். பெங்களூரில் சினிபொலிஸ் அரங்கில் எனக்குப் பிடித்தது, வரிசைகள் நல்ல உயரத்தில் ஏறிப்போவது. முன்னால் இருப்பவர் கொண்டை போட்டிருந்தாலும் பூ வைத்திருந்தாலும் மறைக்காது. ஏ.ஜி.எஸ்.ஸில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். பாட்டி, பேரன், புதுமணத் தம்பதி என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிப்பதைக் கேட்க வேண்டும் என்றால் அங்கே போங்கள்.

மகனிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். எந்த நிறுவனம் என்று தேர்ந்தெடுக்க வேண்டாம், எந்தத் திரை என்று தேர்ந்தெடுக்கட்டும். ஒரே கட்டடத்துக்குள் ஒரு திரையில் பல நூறு பேர் உட்காரலாம். இன்னொன்று நம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பாதிகூட இராது. டிக்கெட் விலை இரண்டுக்கும் ஒன்றாகவே இருப்பதுண்டு. இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைவிட, ஒரே நிறுவனத்தின் இரண்டு திரைகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் பெரிது. முன்பதிவு செய்யும்போது திரையில் தெரியும் இருக்கைப் படத்தில் வரிசைகளை எண்ணிப் பார்த்தால் போதும், புரிந்துவிடும்.

“ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பால் புட்டியும் ராகிக் கஞ்சியும் கொண்டுபோனால் வாசலில் தடுப்பார்களா?” — பாபநாசம் வாசகி

தடுக்கக் கூடாது. வெளி உணவை உள்ளே விடாமல் இருக்கத் திரையரங்குகளுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதே தீர்ப்பிலேயே, கைக்குழந்தையோடு வரும் பெற்றோர் குழந்தைக்குத் தேவையான அளவு உணவைக் கொண்டுவரலாம் என்றும், எல்லாருக்கும் சுத்தமான குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் பாதியை வாசலில் நிற்பவர்கள் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியை நீங்கள்தான் எடுத்துச்சொல்ல வேண்டும்.

ஒரு பெரிய வளாகத்தில் என் மகளின் பையிலிருந்து பால் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்கள். பேத்தி அதைப் பார்த்துக் கை நீட்டி அழுதாள். மகள் மேலாளரை அழைக்கச் சொன்னாள். அவர் வந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குரலை உயர்த்த வேண்டாம், மேலாளரை மட்டும் கேளுங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே என்பதையும் அவரிடமே கேளுங்கள்; கண்ணில் படாத மூலையில்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள்.

“ஐமாக்ஸில் ஒரு படமாவது பார்க்க வேண்டும் என்று ஆசை. கும்பகோணத்திலிருந்து செலவு செய்து போவது தகுமா?” — கல்லூரி மாணவர், கும்பகோணம்

எந்தப் படம் என்பதைப் பொறுத்தது தம்பி. சென்னையில் வேளச்சேரியிலும் வடபழனியிலும் ஐமாக்ஸ் திரை இருக்கிறது, கோவையில் பிராட்வே வளாகத்திலும் இருக்கிறது. கோவைக்கு நம் ஊர் வழியாகவே ஜன்சதாப்தி போகிறது. சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸில் இரவில் ஏறினால் காலையில் எழும்பூர். போவது சிரமம் இல்லை.

போவதற்கு முன் ஒரு கணக்குப் பார். நம் படங்களில் பெரும்பாலானவை அகலத் திரைக்கு எடுக்கப்படுபவை. உயரம் 1 என்றால் அகலம் 2.39. இப்போதைய டிஜிட்டல் ஐமாக்ஸ் திரை அதைவிட உயரமானது. உயரம் 1-க்கு அகலம் 1.90. அந்த உயரத்தை நிரப்பும்படி எடுக்கப்பட்ட காட்சிகள் இருந்தால்தான் திரை முழுவதும் படம் நிற்கும். இல்லாவிட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். ஐமாக்ஸுக்கென்றே படம்பிடித்த காட்சிகள் இருக்கின்றனவா என்று விசாரித்துக்கொண்டு போ. அப்படிப்பட்ட படம் என்றால் இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து போனாலும் தகும். இல்லையென்றால் திருச்சி எல்.ஏ. சினிமாஸிலோ தஞ்சாவூரிலோ பெரிய திரை ஒன்றில் பார்த்துவிட்டு மீதிக் காசுக்கு நல்ல சாப்பாடு சாப்பிடு.

எங்கே உட்காருவது என்றும் நீ கேட்டிருக்க வேண்டும். அரங்கின் நீளத்தை மூன்று பங்காக்கினால் முன்னாலிருந்து இரண்டு பங்கு முடியும் இடத்தில், நடுவில். ஒலியை அமைப்பவர்கள் ஏறக்குறைய அங்கே உட்கார்ந்துதான் அளவைச் சரிபார்ப்பார்கள். இது சாத்திரப்படியான பதில். எனக்கு வேறொரு பதிலும் கிடைத்தது. மேலே சொன்னேனே, பால்கனியைப் பற்றிக் கேட்ட பெண், அவளை ஒருநாள் கூட்டமில்லாத மாட்னியில் இடைவேளைக்குப் பிறகு பால்கனியில் உட்கார வைத்தேன். கேட்காரரிடம் நான்தான் சொல்லி அனுப்பினேன். படம் விட்டதும் வந்து, “முகமெல்லாம் சிறியதாகிவிட்டது அக்கா, கண்ணில் தண்ணீர் நிற்பது தெரியவில்லை. எனக்குக் கீழேயே போதும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“பெங்களூரில் ஒரு டிக்கெட்டுக்கு 600 ரூபாய் கொடுத்தேன். அதே நிறுவனம் சென்னையில் 190 ரூபாய்க்குத் தருகிறது. இது என்ன நியாயம்?” — ஆசிரியர், நன்னிலம்

தமிழ்நாட்டில் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. பல திரைகள் உள்ள வளாகங்களுக்கு 2017-ல் நிர்ணயித்தது வரிகள் நீங்கலாக 150 ரூபாய். அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உள்ளாட்சிகளின் கேளிக்கை வரியும் சேர்ந்துதான் நீங்கள் சொல்லும் தொகை வருகிறது. பெங்களூரில் அப்படிப்பட்ட வரம்பு நடைமுறையில் இல்லை. கர்நாடக அரசு 2025 செப்டம்பரில் 200 ரூபாய் என்று வரம்பு கொண்டுவந்தது. அந்த மாதமே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துவிட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு மேல் போனால் 18. இந்தக் குறைப்பின் பலன் நேராக நம் சிறு ஊர் அரங்குகளுக்கும் வளாகங்களின் முன்வரிசைகளுக்கும் வந்து சேர வேண்டியது. உங்கள் ஊரில் விலை இறங்கியதா என்று பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இணையத்தில் பதிவு செய்தால் அதற்கென்று தனிக் கட்டணம் சேரும். ஆட்டத்துக்கு அரைமணி முன்னதாகப் போய்க் கவுண்ட்டரில் வாங்கினால் அது மிச்சம். கவுண்ட்டரில் ஓர் ஆளுக்கு வேலையும் இருக்கும்.

“எங்கள் பகுதித் தியேட்டரில் படம் மங்கலாகத் தெரிகிறது, ஒலி காதைப் பிளக்கிறது, பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. இனி திருச்சிக்கே போய்விடலாமா?” — நீடாமங்கலம் வாசகி

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். தாழ்ப்பாள் என்ற சொல்லைப் பார்த்ததும் பழைய கோபம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அரங்கிலும் இதே நிலைமை. ஒரு பெண் உள்ளே போனால் இன்னொரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தனியாக வந்தவள் மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு படம் பார்ப்பாள். முதலாளியிடம் சொன்னேன், மேலாளரிடம் சொன்னேன். “பார்க்கலாம்” என்றார்கள். மூன்று வருடம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மேலக்காவேரியில் இருந்த ஒரு தச்சரை நானே அழைத்துவந்து, என் சம்பளத்திலிருந்து கொடுத்து, இரண்டு கதவுக்கும் தாழ்ப்பாள் போட வைத்தேன். அதற்கு அடுத்த மாதங்களில் இரண்டாம் ஆட்டத்துக்கு வரும் பெண்கள் கூடினார்கள். நானே தினமும் வசூல் கணக்கு எழுதியவள் என்பதால் எனக்குத் தெரியும். கணக்கைக் காட்டியதும் முதலாளி விளக்கும் போட்டுக்கொடுத்தார், தண்ணீர்த் தொட்டியும் கட்டினார்.

பெரிய நிறுவனங்கள் நம்மூர்ப் பெண்களைத் தம் பக்கம் இழுத்தது திரையாலோ ஒலியாலோ இல்லை என்பது என் உறுதியான எண்ணம். சுத்தமான கழிவறையால் இழுத்தார்கள். ஊர் அரங்கு முதலாளிகள் கோடி ரூபாய்க்கு ஒலிக்கருவி வாங்குவதற்கு முன் இதைச் செய்திருக்க வேண்டும்.

படம் மங்குவதற்குக் காரணங்கள் உண்டு. புரொஜெக்டரில் எரியும் செனான் விளக்குக்கு ஆயுள் இத்தனை மணி நேரம் என்று கணக்கு இருக்கிறது. விலை அதிகம் என்பதால் ஆயுள் முடிந்த பிறகும் ஓட்டுவார்கள், அல்லது மின்னோட்டத்தைக் குறைத்து எரிப்பார்கள். முப்பரிமாணப் படத்துக்காக வெள்ளிப் பூச்சுப் பூசிய திரை போட்டிருந்தால் நடுவில் வெளிச்சமும் ஓரங்களில் இருட்டுமாகத் தெரியும். அப்போது நடு இருக்கையில் உட்காருவதைத் தவிர வழியில்லை. ஒலி காதைப் பிளந்தால் இடைவேளைக்குக் காத்திருக்காமல் எழுந்து போய் ஆப்பரேட்டரிடம் சொல்லுங்கள். ஒலியைக் குறைப்பது அவர் கையில் ஒரு திருகு. நான்கு பேர் சேர்ந்து சொன்னால் கட்டாயம் குறைப்பார்.

தாழ்ப்பாளுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முதலில் மேலாளரிடம், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு. அசையாவிட்டால் மாவட்ட ஆட்சியருக்கு. திரையரங்கு உரிமம் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் கையில் இருக்கிறது. மனுவில் பத்துப் பெண்கள் கையெழுத்துப் போடுங்கள்.

அதுவரை திருச்சிக்குப் போங்கள், தவறில்லை. ஆனால் ஊர் அரங்கை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பஸ் கட்டணமும் சாப்பாடும் சேர்த்து நான்கு பேர் திருச்சிக்குப் போய்வர முடிந்த குடும்பங்கள்தான் போகும். முடியாத குடும்பங்களுக்கு அந்த ஒன்றுதான் இருக்கிறது. நான் வேலை பார்த்த அரங்கு இன்று கல்யாண மண்டபம். என் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என் கவுண்ட்டர் அறையில் தாம்பூலப் பைகளை அடுக்கியிருந்தார்கள். ஜன்னலின் அரைவட்டத் துவாரம் அப்படியே இருந்தது, கம்பியில் சாயம் மட்டும் புதியது. கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

“எவ்வளவு பெரிய மல்ட்டிபிளெக்ஸ் வந்தாலும் டூரிங் டாக்கீஸ் சுகம் வருமா? நீங்களே சொல்லுங்கள்.” — 74 வயது வாசகர், திருவையாறு

ஐயா, நானும் டூரிங் டாக்கீஸில் படம் பார்த்து வளர்ந்தவள்தான். தை அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் அரசலாற்றங்கரைக்குப் பக்கத்தில் கொட்டகை போடுவார்கள். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். அம்மா உலையை இறக்கிவிட்டு ஓடுவாள், பின்னால் நாங்கள். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்வோம். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. ஒவ்வொரு இடைவேளைக்கும் முறுக்குக்காரர் வருவார்.

ஆனால் அதைச் சுகம் என்று மட்டும் என்னால் எழுத முடியாது. மழை வந்தால் படம் நின்றுவிடும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தட்டி. கழிவறை என்று ஒன்று இல்லவே இல்லை, இருட்டில் வாய்க்கால் ஓரம் போக வேண்டும். உங்களுக்கு இனிக்கும் நினைவில் என் அம்மாவுக்கும் எனக்கும் பயமும் கலந்திருக்கிறது.

கொட்டகையின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. திருச்சி ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். பிறகு 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். சினிமா இருக்கும் ஊருக்கு ஜனங்கள் போக வேண்டியதில்லை, ஜனங்கள் இருக்கும் ஊருக்குச் சினிமா போகும் என்று காட்டியவர் நம் காவிரிக்கரை ஊரில் வேலை பார்த்த ஒருவர். எத்தனை திரை வைத்திருந்தாலும் வணிக வளாகம் இல்லாத ஊருக்கு வர யோசிக்கும் நிறுவனங்களிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

“அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி. திரையரங்குக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. எந்த மாதிரி அரங்கு சரிப்படும்?” — திருத்துறைப்பூண்டி வாசகர்

வளாகம் என்றால் லிஃப்ட் இருக்கும், ஆனால் அரங்குக்குள் படிதான். சில அரங்குகளில் வாசல் கீழே, சிலவற்றில் மேலே, சிலவற்றில் நடுவில். டிக்கெட் எடுப்பதற்கு முன், “வாசலுக்கு நேரான வரிசை எது?” என்று கவுண்ட்டரில் கேளுங்கள். அந்த வரிசையில் ஓர இருக்கையை அம்மாவுக்கு எடுங்கள், பக்கத்து இருக்கை உங்களுக்கு. இணையத்தில் எடுத்தால் இதைக் கேட்க ஆள் இல்லை. பழைய ஊர் அரங்குகளில் கீழ்த்தளம் சாய்தளமாக இருக்கும், படி ஏற வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் அவை எந்தப் புது வளாகத்தையும்விட மேல்.

வார நாளில் மாட்னிக்கு அழைத்துப்போங்கள். மெல்லிய கம்பளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், குளிர் மூட்டைப் பிடிக்கும். விளக்கு அணைவதற்குப் பத்து நிமிடம் முன்பே உட்கார வைத்துவிடுங்கள். படம் முடிந்ததும் எழுப்பாதீர்கள். பெயர்கள் ஓடி முடியட்டும், கூட்டம் கலையட்டும். துப்புரவுப் பெண்கள் துடைப்பத்தோடு வந்து ஓரமாக நிற்பார்கள். அம்மா எழுந்து நிற்கும்வரை அவர்கள் பொறுத்திருப்பார்கள்.